அண்ணியின் நாடி

சென்னை,
5.7.1998

அன்புள்ள அண்ணிக்கு,

லதா எழுதுகிறேன். ஹாஸ்டலுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். ஆற்காடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். நீங்கள் இடித்துக் கொடுத்த வேர்க்கடலைப் பொடியை அறையில் இருக்கிறவர்கள் இரண்டே வேளையில் காலி செய்துவிட்டார்கள்.

இந்த வருஷம் எங்களுக்கு ஈசிஜி பாடம் ஆரம்பித்திருக்கிறது. நெஞ்சில் வயரை ஒட்டி, இதயம் துடிப்பதைத் தாளில் கோடாக எடுப்பார்களே, அது. அண்ணன் சேலை பார்டருக்கு டிசைன் போடுகிற கட்டத்தாள் மாதிரித்தான் இருக்கும். முதலில் ஒரு சின்ன மேடு, அப்புறம் ஊசி மாதிரி உயர்ந்து இறங்கும் ஒரு கோடு, கடைசியில் கொஞ்சம் பெரிய மேடு. மூன்றும் சேர்ந்தால் ஒரு துடிப்பு. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. தாளைக் கையில் கொடுத்தால் எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. முதல் தேர்வில் வகுப்பிலேயே நான்தான் கடைசி.

வெள்ளிக்கிழமை வார்டில் அதைவிடக் கேவலம். குளிர்காய்ச்சலில் இருந்த ஒரு பெரியவருக்கு ஈசிஜி எடுத்தேன். கோடு தாறுமாறாக வந்தது. இதயம் நிற்கப் போகிறது என்று நினைத்து, டியூட்டி டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து பார்த்தால், பெரியவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார். குளிரில் உடம்பு நடுங்கியதால் கோடும் நடுங்கியிருக்கிறது. "என்னம்மா, சாகப் போறவன் காபி கேக்குறான்?" என்றார் டாக்டர். அன்றிலிருந்து எனக்குப் பெயரே காபிதான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். லீவில் வீட்டில் எல்லாருக்கும் நாடி பார்த்தேனே, நீங்கள் மட்டும் பாதியில் கையை இழுத்துக்கொண்டு, "அடுப்புல பால் கீது" என்று எழுந்து போய்விட்டீர்கள். அடுப்பில் பால் இல்லை, அண்ணி. நான் போய்ப் பார்த்தேன். பிடித்திருந்த கொஞ்ச நேரத்தில் துடிப்பு ஒழுங்காக வரவில்லை. இரண்டு அவசரமாக வந்தது, ஒன்று தாமதமாக வந்தது, ஒன்று விரலுக்கே எட்டவில்லை. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்னவோ. மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது பாதிப் படியில் நின்றுவிடுகிறீர்களே, அது எப்போதிலிருந்து?

பதில் எழுதுங்கள்.

லதா


ஆரணி,
14.7.98

அன்புள்ள லதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே உன் கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? உன் அண்ணன் தறியை நிறுத்திவிட்டு சத்தமாகப் படித்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். காபிக் கதைக்கு ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் என் நாடி வந்தது. உன் அண்ணனின் குரல் இறங்கியது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான்தான் சமாளித்தேன். "நர்ஸுக்குப் படிக்கிற பொண்ணு, பாக்கிறவங்களுக்கெல்லாம் நோவு கீதுன்னுதான் சொல்லும்" என்றேன். அத்தை, "பெரிய டாக்டரம்மா ஆயிட்டா" என்று எழுந்து போய்விட்டார். உன் அண்ணன் மட்டும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உனக்கு இன்னொரு சேதி. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, இரண்டு மாதம். மூன்று வருஷமாக இந்தத் தெருவில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. இப்போதுதான் அத்தை என்னிடம் சிரித்துப் பேசுகிறார். நேற்று தலைவாரிப் பூ வைத்துவிட்டார், லதா. இந்த நேரத்தில் நீ இப்படியெல்லாம் எழுதலாமா?

என் கை எப்போதும் அப்படித்தான். அதில் ஒன்றும் இல்லை.

ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்றால், தையற்காரி செல்லம்மாள் வீட்டு விலாசத்துக்கு எழுது. அந்த அக்கா பிரிக்காமல் என்னிடம் கொடுப்பார். வீட்டுக்கு எழுதினால் சௌக்கியத்தை மட்டும் எழுது.

இளமதி


சென்னை,
26.7.98

அன்புள்ள அண்ணிக்கு,

நான் அத்தை ஆகப்போகிறேன் என்று அறை முழுக்கச் சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் எதையும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் வார்டில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். அதிலிருந்து என் மனசு சரியில்லை.

சொல்வதா வேண்டாமா என்று இந்தத் தாளை ஒரு தடவை கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். உங்கள் வயதுதான் இருக்கும். ஏழாம் மாதம். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். வீட்டில், பிள்ளை வயிற்றில் இருந்தால் அப்படித்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் ஈசிஜியை எங்கள் டியூட்டர் பச்சையம்மாள் மேடம் என் கையில் கொடுத்து, "காபி, இத நீ படி" என்றார்.

நான் விழித்தேன். மேடம் ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தைக் கோட்டின் மேல் வைக்கச் சொன்னார். அடுத்தடுத்து வரும் ஊசி முனைகளுக்கு நேராகப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தாளை நகர்த்தினால் அடுத்த முனைகளும் அந்தக் குறிகளில் வந்து பொருந்த வேண்டும். எவ்வளவு நகர்த்தியும் அவளுக்குப் பொருந்தவே இல்லை. ஊசிக்கு முன்னால் வர வேண்டிய சின்ன மேடும் எங்கேயும் இல்லை. அந்த இடத்தில் கோடு சும்மா நெளிந்துகொண்டிருந்தது. இதயத்தின் மேல் அறை ஒழுங்காகத் துடிக்காமல் படபடக்கிறது என்று அர்த்தம். சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து, அது வால்வைச் சுருக்கிவிட்டிருக்கிறது. சுருங்கிய வால்வோடு பிள்ளையையும் சுமக்க இதயத்தால் முடியவில்லை.

அவள் பிழைத்துவிட்டாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அண்ணி, உங்களுக்குச் சின்ன வயதில் காய்ச்சலோடு முட்டி வீங்கியிருக்கிறதா? ஊசி ஏதாவது தொடர்ந்து போட்டார்களா? இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள் போதும். நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

லதா


ஆரணி,
6.8.98

லதா,

இல்லை என்றுதான் முதலில் எழுதினேன். செல்லம்மாள் அக்காவிடம் தபாலில் போடக் கொடுத்துவிட்டு, தெருமுனை வரைக்கும் போனவள் திரும்பி வந்து வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது வயதில் வந்தது. முதலில் முட்டி வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. பள்ளிக்கூடம் போக முடியவில்லை. எங்கள் அப்பா தேசூரிலிருந்து வந்தவாசி ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். மூன்று வாரத்துக்கு ஒரு தரம் இடுப்பில் ஊசி. போட்ட அன்றைக்கு முழுதும் கால் ஊன்ற முடியாது. வருஷக்கணக்கில் போட்டார்கள். நிறுத்தக் கூடாது என்றுதான் அங்கே சொன்னார்கள். எனக்கு ஜாதகம் எடுத்தபோது அப்பா நிறுத்திவிட்டார். "இதோட அந்த ஊசிய மறந்துடும்மா. நீயும் மறந்துடு, நானும் மறந்துட்றேன்" என்றார். எங்கள் அப்பாவைப் பற்றித் தப்பாக நினைக்காதே. ஊசி போடுகிற பெண்ணை யார் கட்டுவார்கள்?

நான் நிஜமாகவே மறந்துதான் இருந்தேன். உங்கள் வீட்டுக்கு வந்து முதல் ரெண்டு வருஷம் ஒன்றும் இல்லை. போன வருஷத்திலிருந்துதான் மூச்சு வாங்குகிறது. இப்போது தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தோய்க்கிற அன்றைக்கு நடந்து நடந்து, யாருக்கும் தெரியாமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

இது உனக்கும் எனக்கும் மட்டும். உன் அண்ணனுக்குத் தெரிந்தால் நான் ஏமாற்றிக் கட்டிக்கொண்டவள் ஆகிவிடுவேன். அவர் நல்லவர்தான். ஆனால் அத்தை ஒரு வார்த்தை சொன்னால் எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டார், அது உனக்கே தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதி அனுப்பு. அந்த எழுத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இளமதி


சென்னை,
12.8.98

அண்ணி,

யாரிடமும் சொல்லமாட்டேன். போதுமா?

ஆனால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். ரவிக்கை தைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு செல்லம்மாள் அக்காவோடு போய்விட்டு வாருங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எந்த டாக்டரிடமும் மெஷின் இருக்கும். தாளை வாங்கி எனக்கு அனுப்புங்கள். ஒன்றும் இல்லை என்றால் நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன். படிக்கட்டு ஏறாதீர்கள். உப்பைக் குறையுங்கள்.

லதா


ஆரணி,
27.8.98

லதா,

தாளை இதோடு வைத்திருக்கிறேன். மடித்ததில் ஓரிடத்தில் கோடு கொஞ்சம் அழிந்திருக்கிறது.

எடுத்த டாக்டர் தாளை வெகுநேரம் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "வூட்டுக்காரரு எங்கம்மா?" என்றார். ஊரில் இல்லை என்றேன். "அவர இட்டுகினு வா. நான் அவர்கிட்டதான் பேசணும். நாளைக்கே வா" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். போகவில்லை.

நீ பார்த்துச் சொல். அந்தப் பெண்ணுக்கு இருந்த மாதிரி இல்லை என்றுதான் சொல்வாய் என்று நினைக்கிறேன். எனக்கு இப்போது நாலாவது மாதம். இன்னும் அசைவு தெரியவில்லை. சில நாள் தெரிகிற மாதிரி இருக்கிறது.

இளமதி


சென்னை,
8.9.98

அண்ணி,

உங்கள் தாள் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வந்த அன்றே தாள் ஓரத்தை வைத்துக் குறித்தேன். பொருந்தவில்லை. பென்சிலைச் சீவி மறுபடி குறித்தேன். சின்ன மேட்டைத் தேடினேன். நீங்கள் மடித்ததில் அழிந்திருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். குளிர்காய்ச்சல்காரருக்கு ஊரைக் கூட்டியவள்தானே நான், இதிலும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். தாளைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன், சாப்பிட்டேன்.

நேற்று பச்சையம்மாள் மேடத்திடம் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. அவர் பார்த்த உடனே நிமிர்ந்து, "நீ என்ன படிச்ச, அதச் சொல்லு" என்றார். சொன்னேன். "சரியாத்தான் படிச்சிருக்க" என்றார். அவர் என்னை முதல் தடவையாகச் சரி என்று சொன்னது இதற்குத்தான். நாலு மாதக் கர்ப்பம் என்றேன். அவர் முகம் மாறியது. "வயித்துல இருக்கிறது வளர வளர மூச்சு இன்னும் திணறும். இந்த வாரமே கூட்டிட்டு வரச் சொல்லு. இப்ப வந்தா செய்ய வழி இருக்கு" என்றார்.

அண்ணி, நீங்களே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். பதினைந்தாம் தேதி வரைக்கும் உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

லதா


தேசூர்,
24.9.98

லதா,

விலாசத்தைப் பார்த்ததும் புரிந்திருக்கும். நான் எங்கள் அப்பா வீட்டில் இருக்கிறேன்.

உன் பதினைந்தாம் தேதிக்கு நான் பதில் போடவில்லை. பயமுறுத்துகிறாய் என்று நினைத்தேன். நீ எழுதமாட்டாய் என்று நம்பினேன். உன் கையெழுத்தில் சத்தியம் இருந்ததே.

உன் அண்ணன் பேருக்கு நீ எழுதிய கடிதம் வந்த அன்று அவர் சத்தமாகப் படிக்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தறிக்குழியில் உட்கார்ந்தபடியே படித்தார். என்னைக் கூப்பிட்டு, "நெஜமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குள் அத்தை வந்து, "இன்னாடா எழுதிக்கீறா?" என்று பிடுங்கப் போனார். உன் அண்ணனே சொல்லிவிட்டார். அத்தை கத்தியதை எல்லாம் எழுதி என்ன ஆகப் போகிறது? "மூணு வருஷமா எங்களுக்கு நாமம் போட்டுகினு இருந்தியாடி? நாளைக்குப் புள்ளையும் சீக்காப் பொறந்தா யாரு பாக்கிறது?" என்றார். என் தலையில் பூ வைத்தவரும் அவர்தான்.

மறுநாள் அப்பாவை வரவழைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன் அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் மடியில் வைத்தார். பஸ் கிளம்புகிறவரை கீழே நின்றார்.

உன் படிப்புக்கு நான்தான் கிடைத்தேனா? தாளைப் பார்த்து என்ன நோவு என்று சொல்லக் கற்றுக்கொண்டாய். அந்த நோவோடு ஒருத்தி எந்த வீட்டில் இருக்க முடியும் என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இனி எழுதாதே.

இளமதி


சென்னை,
30.9.98

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால் கீழே கோடு போட்டு எழுதியிருப்பதை மட்டும் உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டிவிடுங்கள்.

உங்கள் தாளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வீணாக்கினேனே, அதற்கு மன்னிப்பு கேட்கிறேன். அண்ணனிடம் சொன்னதற்குக் கேட்கமாட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று நினைக்க முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை. ஆனால் அவர்கள் உங்களை அனுப்பிவிடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அது என் வீடு. என் வீட்டு ஆட்களைப் பற்றி எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

தெருமுனைக் கடைக்கு போன் பண்ணி அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். நான் பேசப் பேச அவர் 'உம்' கொட்டினார். அம்மா போனுக்கே வரவில்லை. இந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வரவேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டார்.

மாமா, செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணியை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பேன். பழைய வந்தவாசி ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். அதற்கு முன்னால் அண்ணிக்குப் படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். கிடைக்கிற வண்டியில் கிளம்பிவிடுங்கள்.

லதா


சென்னை,
20.12.98

அண்ணி,

நீங்கள் இங்கிருந்து போய் இரண்டு மாதம் ஆகிறது. வார்டில் இருந்தவரை தினமும் உங்கள் கட்டிலருகே வந்து நின்றேன். தினமும் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூனை ஊதி வால்வை விரித்த அன்று நான் வெளியே மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "நான்தாம்மா ஊசிய நிறுத்துனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

வால்வு விரிந்தாலும் துடிப்பு இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை, மாத்திரையை விடக் கூடாது. பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான். வீட்டில் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஈசிஜி தேர்வில் பாஸ் பண்ணிவிட்டேன். இப்போது வார்டில் புதிய பிள்ளைகள் என்னிடம் தாளைக் காட்டிக் கேட்கிறார்கள். கோடு ஒழுங்காக இருந்தால் எனக்கு முதலில் நம்பிக்கையே வருவதில்லை. இரண்டாவது தடவையும் குறித்துப் பார்க்கிறேன்.

லதா


தேசூர்,
14.3.99

லதா,

பெண் பிறந்திருக்கிறாள். வேலூரில் பிறந்தாள். எடை குறைவுதான். நன்றாகப் பால் குடிக்கிறாள். டாக்டர் அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நல்லா இருக்கு என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. நானும் உயிரோடு இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்தார். அத்தைக்குத் தெரியாமல் வரவில்லை, சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். அத்தை ரெண்டு நாளாக அவருக்குச் சோறு போடவில்லையாம். ஆள் இளைத்திருந்தார். பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம், "ஏன் என்கிட்ட சொல்லாம வுட்டே?" என்றார்.

"கல்யாணத்துக்கு முந்தி சொல்லியிருந்தா என்னைக் கட்டியிருப்பீங்களா?" என்றேன்.

கட்டியிருப்பேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பேன். அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தெரியல" என்றார். "நெஜமா தெரியல, இளமதி. அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல உன்ன எறங்குன்னு சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லல. அது எனக்குத் தெரியும். அத நெனச்சிகினுதான் இருக்கேன்" என்றார்.

சோறு போட்டேன். சாப்பிட்டார். ஆரணிக்கு வா என்று கூப்பிட்டார். இப்போது இல்லை என்றேன். எப்போது என்று கேட்டார். எனக்கும் தெரியல என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று போயிருக்கிறார்.

உன்னைப் பற்றி எழுத இத்தனை நாள் கை வரவில்லை. நீ சொல்லாமல் இருந்திருந்தால் நானும் இந்தப் பெண்ணும் இருந்திருக்கமாட்டோம் என்று அப்பா தினமும் சொல்கிறார். எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. உன் கடிதங்களைக் கிழிக்கவும் இல்லை.

நீ என்னிடம் மன்னிப்பு கேட்டு மட்டும் எழுதிவிடாதே. கேட்டால் நான் கொடுத்தாக வேண்டும். இப்போது கொடுக்க மனசு வரவில்லை. சும்மா எழுது.

இளமதி